'எங்களுக்கு அப்புறம் யாரு?' - ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு உறைவிட மையம் ஏன் தேவை?

திருப்பூர் அருள்புரத்தில் கணவன், மனைவி இருவருமே பனியன் கம்பெனிக்குப் போகும் வீடுகள் அதிகம். ஆட்டிசம் உள்ள பிள்ளை பள்ளி வயதைத் தாண்டிட்டா யார் பார்ப்பது? பெற்றோர் காலத்துக்குப் பிறகு?

சட்டம் என்ன சொல்கிறது?
1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. இதன் 'கரோண்டா' திட்டம், 18 வயது தாண்டியவர்களுக்கான குழு இல்லம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் நடத்தலாம்.

பெற்றோர் கவனத்துக்கு:
மகனுக்கோ மகளுக்கோ 18 வயதானால், பெற்றோரே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

கட்டடம் மட்டும் போதுமா?
போதாது. பழகிய முகம், மாறாத நேர ஒழுங்கு, செய்ய ஒரு வேலை வேணும். திடீர் மாற்றத்தை இவர்களால் தாங்குவது கஷ்டம். அதனால், மையம் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும். பெற்றோர் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிப் பழக வேண்டும்.