யார் ஆடுவது? யார் அமர்வது?



ஒரு குழுவில் யார் ஆடுவது, யார் அமர்வது, யார் எத்தனை நிமிடம் களத்தில் நிற்பது என்பதை முடிவு செய்யும் உரிமை பயிற்றுநருக்கு உரியதா? அல்லது ஒளிபரப்பு உரிமையை விற்றுப் பொருள் ஈட்டும் தலைமையகத்துக்கு உரியதா? அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் நெடுங்காலமாக ஓயாத இந்த வழக்கில் என் வாக்கு பயிற்றுநருக்கே. 'காசு கொடுத்தவன் கேட்கக் கூடாதா?' என்று சீறும் அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

2012 நவம்பர் 29ஆம் நாள் சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் குழு மயாமி நகரில் ஹீட் குழுவைச் சந்திக்க வேண்டும். தொடர்ச்சியான ஆறு வெளியூர் ஆட்டங்களில் அது கடைசி ஆட்டம். ஐந்து இரவுகளில் நான்காவது ஆட்டம். பயிற்றுநர் கிரெக் போபோவிச் என்ன செய்தார்? டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் ஆகிய நால்வரையும் முன்கூட்டியே ஊருக்கு அனுப்பிவிட்டார். அப்போது டங்கனுக்கு 36 வயது, ஜினோபிலிக்கு 35. ஆட்டமோ நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் ஆட்டம். அன்றைய ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் வெகுண்டெழுந்தார். இரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாளே 250,000 அமெரிக்க வெள்ளி தண்டம் விதித்தார். எதிரணிக்கும் ஊடகத்துக்கும் உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்பதும், இரசிகர்களுக்கு இழைத்த தீங்கு என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எஞ்சிய ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கடைசி நிமிடத்தில்தான் வெற்றி கைநழுவியது. 105–100 எனத் தோற்றார்கள். இரசிகனுக்கு அன்று கிடைத்தது அரைகுறை ஆட்டமா?

இனி அடுத்த காட்சிக்கு வருவோம். அதே நகரம், அதே எதிரணி, அதே பயிற்றுநர், அதே டங்கன். 2013 சூன் 18, இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். வென்றால் ஸ்பர்ஸுக்கு வாகையர் பட்டம். 28 வினாடி எஞ்சியிருக்க, 94–89 என முன்னிலை. 30 புள்ளிகளும் எடுத்து, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் பதினேழையும் பற்றியிருந்த டங்கனைப் போபோவிச் வெளியே அழைத்தார். தொலைவிலிருந்து எறிபவர்களை ஓடி மறிக்க விரைவான கால்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. விளைவு? ஹீட் தவறவிட்ட பந்து மீண்டும் ஹீட்டின் கைக்கே போனது. லெப்ரான் ஜேம்ஸ் மூன்று புள்ளி எடுத்தார். கடைசி வினாடிகளிலும் டங்கன் வெளியேதான் இருந்தார். கிறிஸ் போஷ் திரும்பிய பந்தைப் பற்றி ரே ஆலனுக்குக் கொடுக்க, ஆலன் மூன்று புள்ளி எறிந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹீட் 103–100 என வென்றது. ஏழாவது ஆட்டத்தையும் வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது.

நான் கேட்பது இதுதான்: பட்டத்தையே பறிகொடுக்கக் காரணமாகிய அந்த முடிவுக்கு எவரேனும் தண்டம் விதித்தார்களா? இல்லை. விதிக்கவும் கூடாது. ஏனெனில் அது பயிற்றுநரின் வேலை. சரியானாலும் பிழையானாலும் பழி அவருடையது. அவ்வாறாயின், நவம்பர் இரவில் டங்கனை அமரவைத்தது மட்டும் எப்படிக் குற்றமாகும்? ஒன்று 28 வினாடிக் கணக்கு, மற்றொன்று ஒரு பருவத்தின் கணக்கு. இரண்டும் கணக்குத்தானே!

அந்த நெடுங்கணக்கின் விடை 2014இல் வந்தது. 2013–14 பருவத்தில் ஸ்பர்ஸ் குழுவில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. ஆயினும் 62 வெற்றிகள்! இறுதிச் சுற்றில் மீண்டும் ஹீட். மூன்றாவது ஆட்டத்தில் தியாகோ ஸ்பிளிட்டருக்குப் பதிலாகப் போரிஸ் டியாவை முதல் ஐவரில் இறக்கினார் போபோவிச். அடுத்தடுத்து 19, 21, 17 புள்ளி வேறுபாட்டில் மூன்று வெற்றிகள். 38 வயது டங்கனுக்கு ஐந்தாவது பட்டம்.

ஓய்வு கொடுத்தால் தண்டம் என்கிறார்கள். ஓய்வு கொடுக்காமல் போனால்? 2012 ஏப்ரல் 28ஆம் நாள் சிகாகோ புல்ஸ் 12 புள்ளி முன்னிலையில் இருந்தது. ஒன்றரை நிமிடம்கூட எஞ்சவில்லை. அப்போதும் டெரிக் ரோஸ் களத்தில்தான் இருந்தார். முழங்கால் தசைநார் கிழிந்தது. முந்திய ஆண்டு 22 வயதில் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். அந்த உயரத்தை அவர் மீண்டும் எட்டவேயில்லை. வேறொரு நாளிலும் அந்தக் காயம் நேர்ந்திருக்கலாம் என்பார்கள், இருக்கலாம். ஆனால் அந்த நிமிடங்களைப் பற்றித் தலைமையகத்துக்குக் கவலை இருந்ததில்லை.

2023–24 பருவத்தில் புதுவிதி வந்தது. சில விலக்குகள் தவிர, 65 ஆட்டமாவது ஆடாதவருக்குப் பருவத்தின் முதன்மை விருதுகள் இல்லை. விருதோ ஒப்பந்தப் பணத்தோடு பிணைந்தது. இந்தியானா குழுவின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு அவ்வாண்டு ஏறத்தாழ 41 மில்லியன் அமெரிக்க வெள்ளி இதில் தொங்கிக்கொண்டிருந்தது. தொடைத்தசைக் காயத்திலிருந்து திரும்பிய அவர், அறிவற்ற விதி என்று வெளிப்படையாகவே சாடினார். காயம்பட்டவனின் காலை மருத்துவரும் பயிற்றுநரும் பார்க்க வேண்டிய இடத்தில் ஓர் எண் வந்து குந்திக்கொண்டது!

இரசிகனின் குறையை நான் தள்ளவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையை அழைத்துவரும் தந்தைக்கு, விரும்பிய ஆட்டக்காரர் கோட்டும் சூட்டுமாய் அமர்ந்திருப்பது ஏமாற்றம்தான். முன்கூட்டியே அறிவிக்கட்டும், நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தரட்டும். அதைவிட, ஆட்டங்களைக் குறைக்கட்டும்! 1967–68 முதல் 82 ஆட்டம். கதவடைப்பும் பெருந்தொற்றும் குறுக்கிட்ட பருவங்களில் மட்டுமே குறைந்தது. குறைத்தால் முதலாளிக்கும் வருவாய் குறையும், ஆட்டக்காரருக்கும் பங்கு குறையும். ஆகவே இரு தரப்பும் வாய் திறப்பதில்லை; பழி மட்டும் பயிற்றுநர் தலையில்.

மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் தாராளமாக எழுதலாம். ஆனால் ஸ்டெர்ன் விதித்த தண்டம் சரியே என்போர், 2013 சூன் 18க்கு ஏன் தண்டம் இல்லை என்பதற்கும் சேர்த்தே விடை எழுதுக.