வெளியூர்க்காரர் மேல் பழி போட்டது போதும்

குற்றால சீசன் முடிந்து கூட்டம் கலைந்ததும் தென்காசிப் பக்கத்தில் நாம் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசுவோம். வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், குளித்தார்கள், குப்பையைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று. பேரருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தலாம். வெண்ணமடைக் குளத்துக்குப் பொருந்தாது. ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் கிடக்கும் அந்தக் குளத்தை வெளியூர்க்காரர்கள் சாரல் காலத்தில் சில வாரங்கள் பார்க்கிறார்கள். மிச்ச நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம். கைவிட்டவர்களும் நாம்தான்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே படகு விடுகிறது. சாரல் கட்டி, ஐந்தருவிப் பக்கமிருந்து தண்ணீர் வந்து குளம் பெருகினால் மிதிபடகும் துடுப்புப் படகும் ஓடும். வரத்து நின்றால் படகெல்லாம் கரையேறிவிடும். நமக்கும் குளத்துக்கும் உள்ள உறவு இவ்வளவோடு சரி. “போட்டிங் ஆரம்பிச்சாச்சா?” என்று விசாரிப்போம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது, மடை சரியாக இருக்கிறதா, வரத்துக்கால் அடைபட்டிருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை. படகு ஓடாத மாதங்களில் அங்கே ஒரு குளம் இருப்பதே நமக்கு நினைவில்லை.

குளக்கரையின் அருமை தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். முட்டுவலிக்கார ஆச்சியால் அருவித் தரையில் நிற்க முடியாது. கைக்குழந்தைக்காரியால் அந்த நெரிசலுக்குள் போக முடியாது. இவர்களுக்கு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து சாரலை வாங்கிக்கொள்ள ஒரு கரை வேண்டும். அருவியில் தடை போட்டுவிட்டால் எல்லோருக்குமே அது வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு தண்ணீர் கொஞ்சம் கூடினாலே குளிக்க விடுவதில்லை. அது சரியான முடிவு. அப்படிப்பட்ட நாட்களில் வேன் பிடித்து வந்த குடும்பங்கள் துண்டும் கையுமாக ரோட்டில் நிற்பதை வருஷா வருஷம் பார்க்கிறோம். திரிகூடமலையில் மேகம் இறங்குவதை உட்கார்ந்து பார்க்க இத்தனை குளக்கரைகள் நம்மூரில் இருக்கின்றன. “அங்கே போய் உட்காருங்கள்” என்று தைரியமாகக் கை காட்டும் அளவுக்கு நாம் எத்தனை கரையை வைத்திருக்கிறோம்?

குளத்தங்கரைகளில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். சால்னா ஒழுகிக் காய்ந்த பாலித்தீன் பை, வாழையிலையோடு சுருட்டி எறிந்த பரோட்டா பார்சல், எண்ணெய் பாக்கெட், கல்லில் அடித்து உடைத்த பாட்டில். உடைந்த கண்ணாடி தண்ணீருக்குள்ளும் கிடக்கும்; மாடு குளிப்பாட்ட இறங்குகிறவன் காலைத்தான் அது பதம் பார்க்கும். சாயங்காலம் கரையில் வரிசையாக நிற்கும் பைக்குகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் போதும், பெரும்பாலும் டி.என். 76. நம்ம தென்காசி வண்டிகள். அந்தப் பையைக் கொடுத்த கடையும் நம்முடையது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சோதனைக்கு ஆள் வருகிற அன்று மட்டும் அந்தத் தடையை மதித்தோம். அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. நமக்காகவே தோன்றியிருக்க வேண்டிய ஒன்றை நீதிமன்றம் சொல்லித்தான் கேட்டோம்.

நம் தாத்தாக்கள் காலத்தில் குளம் ஊரின் பொறுப்பில் இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வரத்துக்காலைச் செதுக்கி, கரையில் மண் போட்டு வருவார்கள். குடிமராமத்து. இதற்கு வராதவரிடம் பணம் வசூலிக்க வெள்ளைக்காரர்கள் 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்பதை நீர்க்கட்டி பார்த்துக்கொள்வார். அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த ஏற்பாட்டில் சாதியின் கொடுமையும் கட்டாய உழைப்பும் கலந்தே இருந்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கொடுமையை விலக்கிவிட்டுப் பொறுப்பை மட்டும் கைக்கொண்டிருக்க வேண்டிய நாம், இரண்டையும் சேர்த்து உதறிவிட்டோம். 2017இல் அரசு குடிமராமத்தை மறுபடியும் கொண்டு வந்தபோது நம்மில் எத்தனை பேர் அதை நம் வேலையாக நினைத்தோம்? யாருக்குக் கான்ட்ராக்ட் கிடைத்தது என்று டீக்கடையில் பேசியதோடு நிறுத்திக்கொண்டோம்.

குளம் தனியாக நிற்கும் தொட்டியில்லை. ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும். இந்தக் குளங்களை நம்பித்தான் கார் நெல்லும் பிசான நெல்லும் விளைந்தன. மிச்சத் தண்ணீர் சிற்றாறு வழியாகத் தாமிரபரணிக்குப் போகிறது. போகிற வழியில் தென்காசி யானைப்பாலத்தில் சிற்றாற்றுக்கு நாம் என்ன கொடுத்து அனுப்புகிறோம் என்பதைப் பாலத்தில் நின்று ஒரு நிமிஷம் மூச்சை இழுத்தாலே தெரியும். சாக்கடை சேரும் இடத்தில் அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, சும்மா இருக்காது. தண்ணீரே தெரியாமல் மூடிவிடும், கீழே வெளிச்சமும் காற்றும் போகாது, மீன் செத்து மிதக்கும். அதன் ஊதாப் பூவுக்குப் பக்கத்தில் நின்று நாம் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைகளுக்கும் நாம் குளத்தைக் காட்டவில்லை. 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும், பொங்கலையொட்டி, தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையம் தொடங்கிய வேலை அது. தன்னார்வலர்கள் விடியற்காலையில் பைனாகுலரோடு நம் மாவட்டக் குளங்களுக்கும் வருகிறார்கள். முக்குளிப்பான் எத்தனை, நாமக்கோழி எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்கு பஸ் பிடித்துக் கூட்டிப்போகிற பள்ளிகள், பக்கத்துக் குளத்துக்கு நடத்திக் கூட்டிப்போவதில்லை. பெற்றோராகிய நாமும் கேட்டதில்லை.

குற்றாலத்தில் தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்தார்; 1954இல் மறையும்வரை அவர் வீட்டுக்கு வந்தவர்கள் நாள்கணக்கில் தங்கி, தமிழும் சாப்பாடும் சாரலுமாக இருந்துவிட்டுப் போனார்கள். விருந்தினரை அப்படி வைத்துக்கொண்ட ஊர் இது. இன்று சீசனில் அறை வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, வந்தவர்கள் காலாற நடக்கிற இடத்தின் மேல் நாம் காட்டவில்லை.

படகுத் துறையைச் சுற்றுலாக் கழகம் பார்த்துக்கொள்ளட்டும். கரையும் மடையும் வரத்துக்காலும் நம் கணக்கில் வரவேண்டும். மாசி, பங்குனியில் குளம் வற்றிக் கிடக்கும்போதுதான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க முடியும், அமலையை வேரோடு இழுத்துக் கரையில் காயப்போட முடியும், அடைபட்ட காலைச் செதுக்க முடியும். கடைக்காரர் சங்கம், லாட்ஜ்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டு, பள்ளிகள், குளத்துப் பாசன விவசாயிகள் எல்லோரும் அந்த இரண்டு மாதத்துக்குள் உட்கார்ந்து பேசி, முறையாக அனுமதி வாங்கி இறங்க வேண்டும். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் தண்ணீர் வந்துவிடும், கூட்டமும் வந்துவிடும். அப்புறம் அந்த வருஷத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது.