டேப்லெட்டும் கம்ப்யூட்டர்தானா? சுங்கத்துறை 'ஆமாம்' என்கிறது... ஒட்டன்சத்திரம் பி.காம் மாணவி என்ன சொல்வார்?

2025 மார்ச் 14. தமிழ்நாடு பட்ஜெட்டை வாசித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு "கைக்கணினி அல்லது மடிக்கணினி" வழங்கப்படும் என்று அறிவித்தார். முதற்கட்டமாக ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது.

உடனே சண்டை பணத்தைப் பற்றித்தான். 20 லட்சம் பேருக்கு ரூ.2,000 கோடி என்றால் ஆளுக்கு 10 ஆயிரம் ரூபாய்தானே, அதில் என்ன லேப்டாப் வரும் என்று கேட்டார் எடப்பாடி பழனிசாமி. அந்தத் தொகை முதல் ஆண்டில் 10 லட்சம் பேருக்கு, அதாவது ஆளுக்கு 20 ஆயிரம் என்று அரசுத் தரப்பு விளக்கம் கொடுத்தது. நடுவில் உட்கார்ந்திருந்த 'அல்லது' என்ற வார்த்தையை மட்டும் பெரிசா யாரும் கண்டுக்கலை.

ஆனா விஷயமே அங்கேதான் இருக்கு. எதைக் கொடுத்தாலும் "ஒரு மாணவருக்கு ஒரு கணினி" என்று கணக்கு எழுதிவிடலாம் என்றால், இரண்டும் ஒன்றா?

சர்க்கார் கணக்கில் ஒன்றுதான்

இந்தியாவின் சுங்க வரிப் பட்டியலில் லேப்டாப்பும் டேப்லெட்டும் 8471 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. 10 கிலோவுக்கு மேல் போகாமல், பிராசஸர், கீபோர்டு, திரை மூன்றும் இருந்தால் அது கையில் எடுத்துச் செல்லும் கணினி. டேப்லெட்டில் கீபோர்டு எங்கே என்று கேட்டால், திரையிலேயே வருகிறதே, அதுதான்! செல்போனுக்கு தனித் தலைப்பு, 8517. இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. போனுக்கு அடிப்படை சுங்க வரி 15 சதவீதம் (2024 ஜூலை வரை 20). லேப்டாப், டேப்லெட்டுக்கு பூஜ்யம்.

2023 ஆகஸ்ட் 3-ம் தேதி மத்திய அரசு லேப்டாப் இறக்குமதிக்கு கட்டுப்பாடு போட்டபோதும் டேப்லெட்டையும் சேர்த்தேதான் போட்டது. உள்நாட்டில் தயாரிக்க ரூ.17,000 கோடி ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தபோதும் இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன.

வீட்டுக் கணக்கெடுப்பிலும் இதே கதை. 2017-18-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில் நாட்டில் 10.7 சதவீத வீடுகளில், கிராமப்புறத்தில் 4.4 சதவீத வீடுகளில் கணினி இருப்பதாக வந்தது. அந்த ஆய்வின் விளக்கப்படி டேப்லெட்டும் கணினிதான். டேப்லெட்டை எல்லாம் சேர்த்தும் கிராமத்தில் நூற்றுக்கு 5 வீடுகூட தேறவில்லை என்பது தனிக்கதை.

தொழில்துறையில் மட்டும் இது ஒருகாலத்தில் பெரிய பஞ்சாயத்து. 2011-ன் கடைசிக் காலாண்டில் ஐபேடையும் கம்ப்யூட்டராக எண்ணிய கனாலிஸ் நிறுவனம், ஹெச்பியை முந்தி ஆப்பிள் உலக நம்பர் 1 ஆகிவிட்டதாக அறிவித்தது. ஐபேடை சேர்க்காத ஐடிசி, கார்ட்னர் கணக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. விற்ற பொருள் அதேதான், எண்ணும் விதம்தான் வேறு.

சரி, மண்டியில் டேலி ஓடுமா?

இப்போ ஒட்டன்சத்திரத்துக்கு வருவோம். தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம் என்று கேரளாவுக்கு லோடு லோடாகப் போகும் காய்கறி மார்க்கெட் ஊர். சுற்றுப்பட்டு கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பி.காம் படிக்கிற ஒரு மாணவியை யோசித்துப் பாருங்க. படிப்பு முடிந்ததும் அவருக்குக் கிடைக்கக்கூடிய வேலை கமிஷன் மண்டியில் கணக்கு, திண்டுக்கல்லில் ஆடிட்டர் ஆபீஸ், இல்லைன்னா தாராபுரம் வழியாக திருப்பூர் போய் ஒரு கம்பெனியில் பில்லிங். மூன்று இடத்திலும் கேட்கப்போகும் முதல் கேள்வி: "டேலி தெரியுமாம்மா?"

டேலி விண்டோஸில் ஓடும் மென்பொருள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அதை நிறுவ முடியாது. எக்செல் கிடைக்கும், ஆனால் அலுவலகங்களில் பயன்படுத்தும் மேக்ரோக்கள் டேப்லெட் எக்செல்லில் இயங்காது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு நிலைமை இன்னும் வேடிக்கை: ஆண்ட்ராய்டு ஆப் தயாரிக்க உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலேயே நிறுவ முடியாது. அதற்கும் கம்ப்யூட்டர்தான் வேணும்.

வீடியோ பார்க்க, பிடிஎஃப் படிக்க, ஆன்லைன் வகுப்பில் உட்கார டேப்லெட் அருமையான கருவி. எடை குறைவு, சார்ஜ் நிற்கும், சிம் போட்டால் பஸ்ஸிலேயே படிக்கலாம். ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதியை அந்த மாணவி கையில் ஏற்கெனவே இருக்கும் போனே செய்துவிடுகிறது. அவரிடம் இல்லாதது, உட்கார்ந்து ஒன்றை உருவாக்குவதற்கான இயந்திரம். அதனால் கல்லூரி மாணவரைப் பொறுத்தவரை டேப்லெட்டை கம்ப்யூட்டர் கணக்கில் சேர்ப்பது சரியில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கு.

'அல்லது' என்ற வார்த்தையின் விலை

2024-ல் தமிழ்நாட்டில் 79,723 அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ரூ.101.48 கோடியில் டேப்லெட் வழங்கும் திட்டம் வந்தது. ஒன்றுக்கு சுமார் 12,700 ரூபாய். மாணவர் லேப்டாப்புக்கு சொன்ன 20 ஆயிரத்தோடு ஒப்பிட்டால் 7,300 ரூபாய் வித்தியாசம். 20 லட்சம் பேருக்கும் டேப்லெட் என்று முடிவெடுத்திருந்தால், நம்ம தோராயக் கணக்குப்படி, ரூ.1,460 கோடி மிச்சம். எந்த நிதித்துறைக்கும் கை அரிக்கும் தொகைதான்.

ஆசிரியர்களுக்கு டேப்லெட் கொடுத்ததில் தப்பில்லை. வகுப்பில் நடந்துகொண்டே பதிவு செய்ய, பாடக் காணொலி காட்ட அது போதும். வேலைக்கு ஏற்ற கருவி.

மலிவு என்பதற்காக மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சர் கபில் சிபல் அறிமுகப்படுத்திய 'ஆகாஷ்' டேப்லெட் ஞாபகம் இருக்கா? உலகின் விலை குறைந்த டேப்லெட் என்று கொண்டாடப்பட்டது. 256 எம்பி ரேம், அழுத்தித் தொட்டால்தான் கேட்கும் திரை. சில ஆண்டுகளில் பேச்சே இல்லாமல் போச்சு. அதே 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிய இலவச லேப்டாப் திட்டமோ, 2019-20 வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதையும் சிலர் படம் பார்க்கத்தான் பயன்படுத்தினார்கள், சிலர் விற்கவும் செய்தார்கள். ஆனாலும் வீட்டில் முதன்முதலாக ஒரு கீபோர்டு வந்தது.

கடைசியில் என்ன ஆச்சு?

2026 ஜனவரி 5-ம் தேதி "உலகம் உங்கள் கையில்" என்ற பெயரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். டெல், ஏசர், ஹெச்பி என முதற்கட்டமாக 10 லட்சம் லேப்டாப்கள். பட்ஜெட்டில் இருந்த 'கைக்கணினி' அங்கே காணவில்லை. பெயரில் மட்டும் 'கை' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த முதற்கட்டத்தில் வராதவர்களில் பலர் சொந்தக் காசில் வாங்கத்தான் கடைக்குப் போவார்கள். "லேப்டாப் மாதிரியேதான், கீபோர்டும் மாட்டிக்கலாம்" என்று கடைக்காரர் டேப்லெட்டை நீட்டினால், விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்க: கல்லூரி லேபில் இந்த செமஸ்டர் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் இதில் நிறுவ முடியுமா? முடியும் என்றால், கடையிலேயே ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்க.