சாம்பல்தீவைக் காட்டுவோர் யார்?

சாம்பல்தீவு இளைஞர் சிலர் அண்மையில் எம்மைக் காண வந்தனர். அவர்கள் கையில் வழக்குக் கட்டும் இல்லை. காணி உறுதியும் இல்லை. ஒரு யோசனை மட்டுமே இருந்தது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தங்கும் உல்லாசப் பயணிகளை ஒரு நாட் பொழுது அழைத்துச் சென்று, காலையில் திருகோணமலையிற் சினிமாப் படம் பிடிக்கப்பட்ட இடங்களைக் காட்டுவது. மாலையில் சாம்பல்தீவுக்குத் திரும்பி, விறகுப் போறணையிற் பாண் சுடக் கற்பிப்பது. "ஐயா, இது சட்டத்துக்கு உட்பட்டதா? இதில் நாங்கள் இறங்கலாமா?" என்று அவர்கள் கேட்டனர்.

அருகில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "பாண் தின்னக் காசு கொடுப்பான், பாண் சுடவும் காசு கொடுப்பானா?" என்றார் அவர். நாம் சிரிக்கவில்லை. இளைஞர் கேட்டது சட்டத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் அதனுள்ளே சட்டத்தினும் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. ஓர் ஊரை உலகுக்குக் காட்டும் உரிமை எவருக்கு உரியது? அந்தக் கேள்விக்கு விடை காணாமல் இளைஞருக்கு நாம் விடை கூற முடியாது.

முதலில், இது நடவாத காரியம் என்ற எண்ணத்தைப் போக்கிவிடுவோம். ஒஸ்திரியா நாட்டிலே சால்ஸ்பேர்க் என்றொரு நகரம் உண்டு. 1964ஆம் ஆண்டில் அங்கு படமாக்கப்பட்டு, 1965இல் வெளிவந்தது 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' என்னும் அமெரிக்கப் படம். ஒஸ்திரிய மக்கள் அப்படத்தை அதிகம் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும், அதிலே வந்த ஏரியையும் பூங்காவையும், திருமணக் காட்சி எடுக்கப்பட்ட மொண்ட்ஸே தேவாலயத்தையும் காண்பதற்கு உலகெங்குமிருந்து மக்கள் பேருந்துகளிற் சென்ற வண்ணம் இருக்கின்றனர். அதே நகரில் 'அப்பிள் ஸ்ட்ரூடல்' என்னும் பழப் பணியாரத்தைச் சுடக் கற்பிக்கும் வகுப்புகளும் நடைபெறுகின்றன. மாவை எவ்வளவு மெல்லிதாக இழுக்க வேண்டுமென்றால், அதனூடே பத்திரிகையை வாசிக்கலாம் என்பது அந்நாட்டார் வழக்கு. பார்ப்பதற்கும் பணம், பிசைவதற்கும் பணம். அங்கு நடப்பது இங்கு நடவாது என்று சொல்ல என்ன நியாயம் உண்டு?

ஆனால் அதே சால்ஸ்பேர்க் நமக்கு இன்னொரு பாடத்தையும் புகட்டுகிறது. ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுட் புகுந்த 1938ஆம் ஆண்டில் தாய்நாட்டை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் கதையே அப்படம். படத்தின் இறுதியில் அக்குடும்பம் மலையேறிச் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் செல்கிறது. மெய்யாக நடந்தது என்ன? அவர்கள் புகைவண்டி ஏறி இத்தாலிக்குச் சென்றனர். சால்ஸ்பேர்க்கை அடுத்த அந்த மலையைக் கடந்திருந்தால் எவரிடமிருந்து தப்ப எண்ணினார்களோ அவர்களின் நாடாகிய ஜேர்மனியிலேயே இறங்கியிருப்பார்கள்! படம் பார்த்தவர் மலையை நினைவிற் கொள்கின்றனர். புகைவண்டியை எவரும் தேடுவதில்லை.

நீதிமன்றத்தில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியத்தை நாம் எளிதில் ஏற்பதில்லை. சினிமாப் படமோ குறுக்கு விசாரணையே இல்லாத சாட்சி. அது காட்டியதை உலகம் நம்புகிறது. காட்டாமல் விட்டதைக் கேட்பதற்கு ஆள் இல்லை.

தூர தேசத்தை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலையிற் படமாக்கப்பட்டு, 1957இல் வெளிவந்தது டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்'. படத்துக்காகக் கட்டிய பாலம் படத்துக்காகவே தகர்க்கப்பட்டது. அதன் கொங்கிறீட் அடித்தளங்களைக் காண்பதற்கு இன்றும் பயணிகள் ஆற்றங்கரைக்கு இறங்குகின்றனர். யுத்தக் கைதிகளான வெள்ளைச் சிப்பாய்களின் துன்பத்தை எண்ணி உருகவும் செய்கின்றனர். அத்துன்பம் பொய்யன்று. சயாம்–பர்மா இரயில்பாதையில் 12,000க்கு மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் மாண்டனர். ஆனால் அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகையை 90,000 அளவில் மதிப்பிடுகின்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர். அவர்களுடைய கதை அப்படத்தில் இல்லை. ஆகவே கித்துல்கலைக் கரையில் நிற்கும் பயணியின் உள்ளத்திலும் அவர்களுக்கு இடம் இல்லை. நம்மவர் இரத்தம் சிந்திய பாதை, நம் நாட்டு ஆற்றிலே படமானபோதும், நம்மவர் பெயர் அதில் ஏறவில்லை. வழிகாட்டி வாய் திறந்தாலன்றி அந்தப் பெயர் இனியும் ஏறப் போவதில்லை.

இனித் திருகோணமலைக்கு வருவோம். 1962இல் 'ரன் முத்து தூவ' என்னும் சிங்களப் படம் வெளிவந்தது. சிங்களத்தின் முதலாவது வர்ணப்படம் அது. மைக் வில்சன் என்ற ஆங்கிலேயர் இயக்க, ஆதர் சீ. கிளார்க் துணை நிற்க, காமினி பொன்சேகாவும் ஜோ அபேவிக்கிரமவும் நடித்த அப்படத்தில் நம் திருகோணமலைக் கடலின் அடியையே உலகம் கண்டது. கலைக்கு மொழியின் பெயரால் வேலி கட்டுபவர்கள் நாம் அல்லர். நல்ல படம் எம்மொழியில் வந்தாலும் நம் கடலுக்குப் பெருமையே.

ஆனால் அந்தக் கடலின் கதை அப்படத்தோடு தொடங்கியதா? 1956இல் சுவாமி மலையடியில் நீர்மூழ்கிய அதே மைக் வில்சன், கடலடியிற் கோயிற் சிதைவுகளைக் கண்டார். மறு ஆண்டு அச்செய்தியைக் கிளார்க் நூலாக எழுதி வெளியிட்டார். அவர்களுடைய துணிவையும் உழைப்பையும் நாம் குறைத்துக் கூறவில்லை. எனினும் 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துத் தள்ளிய பின்னரும், வெறும் பாறையில் நின்று கடலை நோக்கி மலர் தூவி வழிபட்டு வந்தவர்கள் எவர்? அவர்களுக்கு அது புதையல் அன்று, நினைவு. 'கண்டுபிடிப்பு' என்று ஒருவர் எழுதும்போது, 'மறக்கவில்லை' என்று சொல்ல வேண்டியவர் மற்றொருவர். அந்த மற்றொருவரின் பேரன் வழிகாட்டியாக நின்றால் ஒரு கதை. கொழும்பிலிருந்து வண்டியோடு வந்தவர் வழிகாட்டியாக நின்றால் வேறொரு கதை. இரண்டு கதைகளும் ஒரே பாறையைத்தான் காட்டும்!

மாலைப் பொழுதின் போறணைக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். போறணை கூறும் கதை படம் கூறும் கதையினும் உறுதியானது என்பதே எமது எண்ணம். சற்றே சிந்தித்துப் பாருங்கள். 'பாண்' என்பது போர்த்துக்கேயச் சொல். 'போறணை' என்பதும் போர்த்துக்கேயர் வழி வந்த சொல்லே. கோயிலை இடித்தவன் விட்டுச் சென்ற சொல்லிலேதான் நம் பிள்ளைகளின் காலைப் பசி தீருகிறது. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. கடல் கடந்து வரும் கோதுமை நம் துறைமுகத்திலே இறங்கி, 1980 முதல் இயங்கும் சீனக்குடா மாவாலையில் அரைபட்டு, நாடெங்கும் பாணாகிறது. தெற்கிலுள்ளவன் உண்ணும் பாணிலும் பலவற்றுக்கு மூலம் திருகோணமலைத் துறைமுகந்தான். 2022ஆம் ஆண்டில் டொலர் வற்றிய வேளையில் மாவின் விலை ஏறியதையும், எரிவாயுவை நம்பிய பேக்கரிகள் பல மூடப்பட்டதையும் எவரும் மறந்திருக்க மாட்டார். அந்நாட்களிலும் விறகு உள்ள இடத்திற் போறணை எரிந்தது. இத்தனை சரித்திரமும் ஒரு கவளம் பிசைந்த மாவினுள் இருக்கின்றது.

தொழிலைப் பாருங்கள். போறணையினுள்ளே விறகை அடுக்கி எரித்து, செங்கல் சூடேறியபின் தணலை வாரி ஒதுக்கி, ஒரு பிடி மாவை உள்ளே வீசி, அது கருகுகிறதா பொன்னிறமாகிறதா என்று பார்த்துச் சூட்டை அளக்கும் தொழிலாளிக்கு வெப்பமானி வேண்டியதில்லை. நீண்ட பிடியுள்ள பலகையால் மாவை உள்ளே தள்ளி வாயை மூடினால், எரியும் நெருப்பின்றிச் செங்கல்லின் சூட்டிலேயே பாண் வேகும். பக்கத்து வீட்டுத் தாய், கள்ளின் நுரையால் மாவைப் புளிக்க வைத்து அப்பம் சுடுவாள். பாண் பொங்குவதும் அப்பம் பொங்குவதும் ஒரே நுண்ணுயிரின் வேலை என்பதை அங்கேயே விளக்கலாம். இதைக் கற்க வரும் வெள்ளைக்காரர் நம் வறுமையை வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர், மாணவராக வந்தவர். கற்பிக்கும் போறணைக்காரர் பரிதாபத்துக்கு உரியவர் அல்லர், ஆசிரியர். "நம் அடுப்பங்கரையைக் காட்சிப் பொருளாக்குவதா?" என்று மனம் நோகும் அன்பர்களுக்கு இதுவே எமது மறுமொழி.

மற்றொரு சாரார், "பயணி இன்பத்தை நாடி வருகிறான், அவனிடம் இடிந்த கோயிலையும் மாண்ட கூலிகளையும் பற்றிப் பேசினால் மறுபடி வருவானா?" என்பர். ஒப்பாரி வைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. உண்மையை விழுங்கிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். சாம்பல்தீவின் கரை, விளம்பரப் படங்களிற் காண்பதுபோல ஆளற்ற வெண்மணல் அன்று. போரில் ஊரை விட்டு ஓடித் திரும்பியவர்களும், 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலையிற் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களும் வலை இழுக்கும் கரை அது. சல்லி முத்துமாரியம்மனை நம்பி வாழும் மக்களின் கரை அது. அம்மக்களை மறைத்துவிட்டுக் கரையை மட்டும் காட்டுபவன் காட்டுவது சாம்பல்தீவை அன்று.

ஆகவே இளைஞருக்கு நாம் கூறிய மறுமொழி இதுதான்: தாராளமாக இறங்குங்கள், ஆனால் நான்கு நிபந்தனைகளோடு இறங்குங்கள்.

ஒன்று: வாய் உங்களுடையதாக இருக்கட்டும். பயணிகளுக்கு வழிகாட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் அமைந்த அதிகார சபையிடம் அதைப் பெறுங்கள். பயிற்சிக்கு ஊரிலிருந்து நான்கு பேரையாவது அனுப்புங்கள்; அவர்களுள் இருவர் பெண்களாக இருக்கட்டும். அனுமதிப்பத்திரம் இன்றித் தொடங்குபவன், அதை வைத்திருப்பவனுக்கு நாளை கூலியாவான். அந்தப் பயிற்சியும் பரீட்சையும் தமிழில் வேண்டும் என்று எழுத்திற் கேளுங்கள். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அரசியலமைப்பு அளித்ததைக் கேட்பது யாசகம் அன்று, உரிமை.

இரண்டு: பணப்பை உங்களுடையதாக இருக்கட்டும். தனி முதலாளி ஒருவர் கையில் இதை ஒப்படைத்தால், மூன்றாம் ஆண்டில் அவர் வண்டிக்காரராகவும் நீங்கள் கதவு திறப்பவர்களாகவும் இருப்பீர்கள். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் கைவசம் இருக்கிறது. சங்கமாகப் பதிவு செய்யுங்கள். கணக்கை ஆண்டுதோறும் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வாசியுங்கள். பாண் கற்பித்தவர் கூலியும் அப்பம் கற்பித்த தாயின் கூலியும் அன்றைக்கே, அவரவர் கையிலேயே சேரட்டும். கணவன் கையிலோ மகன் கையிலோ கொடுப்பது கொடுத்ததாகாது.

மூன்று: கரை கடற்றொழிலாளிக்கே முதலில் உரியது. வலை இழுக்கும் நேரத்தில் பயணியின் குடை மணலில் நிற்கக் கூடாது. முகத்தைப் படம் பிடிக்குமுன் சம்மதம் கேட்கப்பட வேண்டும். கோயிலுக்குள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதைக் கோயிலார் தீர்மானிக்கட்டும். சமையற்கூடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதற்கு முன் நீங்களே போய் அழைத்து வாருங்கள்.

நான்கு: இதை மட்டும் நம்பி வலையை விற்றுவிடாதீர்கள். நம் கடல் அமைதியாக இருப்பது சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை. வாடைக்காற்று எழுந்தால் பயணி தெற்குக் கரைக்குப் போய்விடுவான். ஊர் போகாது. பயணி வாராத மாதங்களிலும் போறணை எரிய வேண்டும். ஊருக்குப் பாண் வேண்டும். ஊருக்குச் சுட்டு மிஞ்சியதே விருந்தாளிக்கு என்ற முறை மாறாதவரை, எந்தப் பெருநட்டமும் உங்களை வீழ்த்தாது.

சிரித்த பெரியவர் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஈற்றில், "அப்படியானால் சுவாமி மலையில் நின்று கதை சொல்ல என்னையும் ஒரு நாள் கூப்பிடுங்கள், என் அப்பு சொன்ன கதை எனக்குத் தெரியும்" என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவேனும் இம்முயற்சி நடைபெற வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்.

பிறர் நம்மைப் படம் பிடித்தார்கள், பிடிக்கட்டும். பிறர் நம்மைப் பார்க்க வருகிறார்கள், வரட்டும். ஆனால் பார்க்க வந்தவனுக்கு "இதுதான் எங்கள் ஊர்" என்று கூறும் வாய், சாம்பல்தீவின் வாயாக இருக்கட்டும். அதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதற்கு எமது பேனா கட்டணமின்றிக் காத்திருக்கிறது.