சிதைந்த கட்டடமா, சிதைக்கப்பட்ட கட்டடமா?

2020 ஜூலை மாதத்தில் ஹைதராபாத் நகரம் இரண்டு காட்சிகளைக் கண்டது. கொரோனா பெருந்தொற்று பரவிக்கொண்டிருந்த அந்நாட்களில், ஜூலை 7 அன்று, தெலங்கானா தலைமைச் செயலக வளாகத்தை இடிக்கும் பணியை அன்றைய தெலங்கானா ராஷ்டிர சமிதி அரசு தொடங்கியது. அதே மாத நடுவில் பெய்த மழையில், ஏழை மக்களின் புகலிடமான உஸ்மானியா பொது மருத்துவமனையின் பழைய கட்டடத்திற்குள் மழைநீரும் சாக்கடை நீரும் புகுந்தன. சில நாட்களிலேயே அக்கட்டடம் மூடப்பட்டது. ஆட்சியாளர்களின் முன்னுரிமை எது என்பதை விளக்க வேறு சான்று தேவையில்லை.

இடிக்கப்பட்ட செயலகக் கட்டடங்களுள் ஒன்று, ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் காலத்தில், 1888இல் எழுந்த சைஃபாபாத் அரண்மனை. அரசுக் கோப்புகளில் அதன் பெயர் ‘ஜி பிளாக்’. நெடுங்காலம் கைவிடப்பட்டு, வளாகத்திற்குள்ளேயே வேண்டாத பொருளாக நின்றது. பாழடைந்துவிட்டது, பயன்படாது, ஆகவே இடிக்கலாம் என்ற வாதம் அதன்மீது எளிதாக ஏறி அமர்ந்தது.

தமிழ் இலக்கணம் தன்வினையையும் பிறவினையையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. ‘சிதைந்தது’ என்றால் தானே நிகழ்ந்தது. ‘சிதைத்தது’ என்றால் செய்தவர் ஒருவர் உண்டு. கட்டடங்களைப் பற்றிய அரசின் அறிக்கைகள் எப்போதும் தன்வினையிலேயே எழுதப்படுகின்றன. கூரை ஒழுகியது, சுவர் விரிசல் கண்டது, கட்டடம் பாழடைந்தது என்பார்கள். கூரை வடிகாலைத் தூர்வாராமல் விட்டவர் யார்? சுவரில் முளைத்த அரசங்கன்றைக் கையால் பிடுங்கும் பருவத்தில் பிடுங்காமல், வேர் கல்லைப் பிளக்கும்வரை காத்திருந்தவர் யார்? ஈரத்தை வெளியேற்றும் சுண்ணாம்புக் காரையின்மீது, ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் சிமெண்டைப் பூசியவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு அறிக்கைகளில் இடமில்லை.

இர்ரம் மன்சில் விவகாரம் இதற்கு இன்னொரு சான்று. 1870ஆம் ஆண்டு வாக்கில் நவாப் ஃபக்ருல் முல்க் கட்டிய இந்த மாளிகை, பின்னாளில் அரசின் பொறியியல் துறை அலுவலகங்களுக்கு இடமளித்தது. அதாவது, கட்டடங்களைப் பராமரிப்பதே தொழிலாகக் கொண்டவர்களின் கண்முன்னேதான் அது நலிந்தது. 2019 ஜூனில், அதனை இடித்துவிட்டுப் புதிய சட்டமன்றம் கட்ட அமைச்சரவை முடிவெடுத்தது. அம்முடிவு தன்னிச்சையானது என்று கூறி, 2019 செப்டம்பர் 16 அன்று உயர்நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. நகரின் பாரம்பரியக் கட்டடங்களுக்கு 1995 முதல் காப்பாக இருந்த நகர வளர்ச்சி விதியை 2015இலேயே நீக்க முனைந்திருந்தது அரசு. முதலில் காவலை விலக்கு, பிறகு இடி என்பதே வரிசை.

நிஜாமின் அரண்மனைகளுக்காக இடதுசாரிகள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வெட்டிச் சாகிரிக்கு எதிராக 1946 முதல் 1951 வரை ஆயுதமேந்திப் போராடிய தெலங்கானா உழவர்களின் வழிவந்தது நமது இயக்கம். அந்த மாளிகைகளின் ஒவ்வொரு கல்லும் அவ்வுழவர்களின் வரிப்பணம். கல் சுமந்தவர்களின் உழைப்பு. ஆகவேதான் அவை இன்று மக்கள் சொத்து. 1917இல் புரட்சி வென்ற சில நாட்களிலேயே குளிர்கால அரண்மனையை அரசு அருங்காட்சியகமாக அறிவித்தார்கள் போல்ஷ்விக்குகள். ஜார் மீதான பரிவினால் அன்று. பறித்தெடுக்கப்பட்டது உரியவர்களிடம் திரும்பியது என்பதனால்.

மரபைக் காப்பதாகச் சொல்லும் பட்டியல்களிலும் வர்க்கப் பார்வை உண்டு. முகப்பும் தர்பார் மண்டபமும் போற்றப்படும். குதிரை லாயம், சமையற்கட்டு, பணியாளர் குடியிருப்பு ஆகியன ‘துணைக் கட்டடங்கள்’ என்று ஒதுக்கப்படும். உழைத்தவர்கள் வாழ்ந்த இடங்கள் அவைதான். எளிதில் இடிக்கப்படுபவையும் அவைதான். ஓரத்தில் தொடங்கும் இழப்பு ஓரத்தோடு நிற்பதுமில்லை. சாலார் ஜங் குடும்பத்தின் திவான் தேவடி, 1951இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்ட இடம். இன்று அங்கே வணிக வளாகங்கள் இருக்கின்றன. வாயில்கள் மட்டும் எஞ்சியுள்ளன.

நோயாளிக்குத் தேவை படுக்கையா, பழைய தூணா என்று கேட்பவர்கள் உஸ்மானியாவின் கதையை நினைவில் கொள்ள வேண்டும். 1908 மூசி வெள்ளத்திற்குப் பின், கட்டடக் கலைஞர் வின்சென்ட் எஷ் வடிவமைப்பில் எழுந்த மருத்துவமனை அது. அதனை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக 2015இல் அறிவித்தார் அன்றைய முதலமைச்சர். பழையதைப் பழுதுபார்க்கவுமில்லை, புதியதைக் கட்டவுமில்லை. கோஷாமஹாலில் புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2025 ஜனவரி 31 அன்றுதான். இடைப்பட்ட பத்தாண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள், இடநெருக்கடியில் தவித்த ஏழை நோயாளிகள். நல்ல மருத்துவமனையும் வேண்டும், பழைய கட்டடமும் வேண்டும் என்று கேட்பதில் முரண்பாடு ஏதுமில்லை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது ஆட்சியாளர்களின் தந்திரம்.

சீரமைக்க இயலாது என்ற வாதத்திற்குச் சென்னையே விடை தருகிறது. சேப்பாக்கத்தில் 2012 ஜனவரித் தீயில் எரிந்த கலச மஹாலையும், கூரை இழந்து பாழாய் நின்ற ஹுமாயூன் மஹாலையும் பொதுப்பணித் துறையே மீட்டெடுத்தது. சுண்ணாம்புக் காரை அரைக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு வேலை கொடுக்க அரசுக்கு மனம் வேண்டும்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. பழைய கட்டடம் எதையும் இடிக்குமுன், அதன் பராமரிப்புக்குச் செலவிடப்பட்ட தொகையின் முழுக் கணக்கும் மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். பராமரிக்கத் தவறிய துறையிடமே ‘இடிக்கலாம்’ என்று சான்று பெறும் வழக்கம் ஒழிய வேண்டும். துணைக் கட்டடங்களும் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். காலியாகும் நிலம் எக்காரணத்தாலும் தனியாருக்குச் செல்லக்கூடாது. மூடிக்கிடக்கும் உஸ்மானியா கட்டடத்தைச் சீரமைத்து மக்கள் பயன்பாட்டுக்குத் திறப்பதிலிருந்து தெலங்கானா காங்கிரஸ் அரசு தொடங்கட்டும். இல்லையேல், அடுத்த அறிக்கையும் தன்வினையிலேயே எழுதப்படும்.