முனகாத நாய்க்கும் வலிக்கும்

காட்டுப்பன்றி கிழித்த காயத்தோடும் முனகாமல் நிற்பதால் ராஜபாளையம் நாய்க்கு வலி தெரியாது, மருந்தும் தேவையில்லை என்பது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நெடுநாளாகச் சொல்லப்படும் வாதம். காட்சி உண்மை, முடிவு தவறு.

முதலாவது, முனகல் வேறு, வலி வேறு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோவில் படுகாயமடைந்த வீரர்களில் பலர் வலிமருந்து வேண்டாம் என்றதை மருத்துவர் ஹென்றி பீச்சர் பதிவு செய்தார். அவர்களும் வலியறியாத இனமா?

இரண்டாவது, வலிச் செய்தி தண்டுவடத்தைக் கடந்தே மூளைக்குப் போகிறது. அங்கே ஒரு கதவு இருப்பதாக 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதை மூடும் கட்டளை மூளையிலிருந்தும் வரும். 1969-இல் ரேனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலிகளின் நடுமூளையில் மின்தூண்டல் கொடுத்து, மயக்கமருந்தே இல்லாமல் வயிற்று அறுவை செய்தார். ஆபத்து வேளையில் அதே நடுமூளைப் பகுதி தானாக இயங்கும். என்கெஃபலின், செரட்டோனின் போன்றவை தண்டுவடத்தில் வலியை அமுக்கும். வலியே இல்லாத விலங்குக்கு வலியடக்கும் அமைப்பு எதற்கு?

மூன்றாவது, இந்த அடக்கம் தற்காலிகம். ஆபத்து நீங்கியதும் கதவு திறக்கும். தண்டுவட நரம்பணுக்கள் கூருணர்வு அடைந்தால் லேசாகத் தொட்டாலே வலிக்கும்.

இனி குட்டிகள். 'பிறந்த குட்டிக்கு என்ன தெரியும்' என்று வாலை நறுக்குவோர் கவனிக்கட்டும்: எலிக்குட்டிகளில் மூளையிலிருந்து இறங்கும் அடக்கம் பிறந்து சில வாரங்கள் வரை முழுமையாக முதிர்வதில்லை. தாங்கும் கருவி இன்னும் அமையாத உயிருக்கு வலி எப்படிக் குறையும்?

இரை எடுக்காமல் ஒதுங்கி, காயத்தையே நக்கும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டிலுள்ள ஐபுபுரூஃபன் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அது நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.