ஒரே ஆசிரியர் அறையில் இரண்டு சம்பளம்

மதிப்புக்குரிய ஆளுநர் சபைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கத்தவர்களுக்கும்,

பாடசாலையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பிள்ளைகள் படிக்கிற இடம் அது; அதன் பெயர் சந்தி சந்தியாக இழுபடுவதை நான் விரும்பவில்லை. யார் எழுதுகிறார், எதைப் பற்றி எழுதுகிறார் என்பது உங்களுக்கு அடுத்த பந்தியிலேயே விளங்கிவிடும்.

நான் நிர்வாக நியமனத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். தை மாதம் ஒரு கடிதம் தருவீர்கள், மார்கழியில் அது முடியும். அடுத்த தையில் திகதியை மட்டும் மாற்றி அதே கடிதம் திரும்ப வரும். என் பக்கத்து மேசையில் இருப்பவர் அரச சம்பளம் பெறும் ஆசிரியை. இரண்டு பேருக்கும் ஒரே நேரசூசி, ஒரே அளவு பாடவேளை, ஒரே குவியல் கொப்பிகள். யாராவது வராத நாளில் அந்த வகுப்பைப் பார்க்கப் போவது பெரும்பாலும் நான்தான், ஏனென்றால் என்னால் மறுக்க ஏலாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு லீவு உண்டு, வங்கிக் கடன் உண்டு, அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. எனக்கு மாதக் கடைசியில் அலுவலகத்தில் ஓர் உறை. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் அந்த உறை மெலியும்.

அவரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருடைய சம்பளமே காணாது. 1997 முதல் தீராமல் கிடந்த சம்பள முரண்பாட்டுக்காக 2021 இல் நாடு முழுவதும் ஆசிரியர்களும் அதிபர்களும் மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் கேட்கப்பட்ட எதுவும் எங்களுக்குப் பொருந்தாது. நாங்கள் எந்தச் சம்பளத் திட்டத்திலும் இல்லாதவர்கள்.

இந்த நிலை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உதவிபெறும் பாடசாலைகளின் முகாமையை அரசின் கையில் கொடுத்தது. அடுத்த ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் காணிகளும் கட்டடங்களும் அரசுக்குப் போக வழி செய்தது. எங்களுடையதைப் போல ஒரு சில பாடசாலைகள்தான் தனித்து நிற்போம் என்று முடிவெடுத்தன. படிப்புக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, அரசின் காசும் வராது என்ற நிபந்தனையில் அவை நின்றன. அந்த வருடங்களில் பெற்றோரும் பழைய மாணவர்களும் கொடுத்த காசில்தான் கதவுகள் திறந்திருந்தன. பிறகு அரசு ஆசிரியர் சம்பளத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கீகரித்த ஆளணிக்கு மட்டும். வெற்றிடங்கள் நிரம்பும்வரை, சில வேளை நிரம்பாமலே, நிர்வாகம் தன் காசில் ஆள் வைக்கிறது. அந்த ஆட்கள்தான் நாங்கள்.

ஆகவே உங்களுக்குப் பணக்கஷ்டம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வருகிற காசு முதலில் எங்கே போகிறது என்று கேட்கிறேன். நான் இங்கே வந்த பிறகு ஒரு மண்டபம் திருத்தப்பட்டது, மைதானத்தில் பார்வையாளர் அரங்கு எழும்பியது, முகப்புக்குப் புதிய வளைவு வந்தது. ஒவ்வொன்றிலும் கருங்கல்லில் பொன்னெழுத்தில் கொடுத்தவர்களின் பெயர்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். வெளிநாட்டுக் குளிரில் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. ஆனால் அந்த மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துகிற ஆசிரியையின் சம்பளத்துக்கு என்று இதுவரை ஒரு நிதியும் தொடங்கப்படவில்லை. சம்பளத்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தையும் சொல்கிறேன். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவர் நூற்றுக்கு 12, ஊழியர் நூற்றுக்கு 8 கட்ட வேண்டும். 1980 இன் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு வேலை கொடுப்பவர் இன்னும் நூற்றுக்கு 3. 1983 இன் 12 ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடை என்கிறது. எங்களில் சிலருக்குச் சேமலாப நிதி இருக்கிறது, சிலருக்கு இல்லை. ஏன் என்று கேட்டால், ‘நீங்கள் தற்காலிகம்’ என்பது பதில். ஐந்து தை கடந்தும் ஒருவர் தற்காலிகமாக இருப்பது எப்படி? 2016 இல் சட்டமான தேசிய ஆகக் குறைந்த மாத வேதனம் 2025 இல் 27,000 ரூபாயாக உயர்ந்தது. பட்டம் முடித்து, சாதாரண தர வகுப்புகளைப் பொறுப்பெடுத்த என் உறையில் இருப்பது அதற்குச் சற்றே மேல்.

இனிப் பிள்ளைகள். எனக்கு நெஞ்சு அடைப்பது இங்கேதான். போன வருடம் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்க அடுத்தடுத்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கு அரச நியமனம் கிடைத்தது, போனார். அடுத்தவரை ரியூசன் நிலையம் ஒன்று கூட்டிக்கொண்டு போனது. மூன்றாவது ஆள் வந்தபோது பிள்ளைகள், ‘மிஸ், நீங்கள் எவ்வளவு நாள் நிற்பீங்கள்?’ என்று கேட்டார்கள். குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். குருநகரிலிருந்தும் நாவாந்துறையிலிருந்தும் வருகிற, ரியூசனுக்குக் காசு இல்லாத பிள்ளைக்கு வகுப்பறைப் பாடம் மட்டும்தான் பாடம். அது தவணைக்குத் தவணை அறுந்தால் அந்தப் பிள்ளை எங்கே போய்ப் பிடிக்கும்? வசதியுள்ள பிள்ளை பின்னேரம் அதே பாடத்தை வெளியில் காசு கொடுத்துப் படித்துவிடும். அந்தப் பின்னேர வகுப்பில் படிப்பிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. வீட்டு வாடகை அதில்தான் போகிறது.

எங்கள் சொந்தப் படிப்புக்கும் இதே கதிதான். கல்வி டிப்ளோமா செய்ய விரும்பினேன். வார இறுதிகள் முழுக்கப் போகும், கட்டணமும் சொந்தக் காசு, படித்து முடித்தாலும் சம்பளம் ஒரு ரூபாயும் கூடாது என்று அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வலயக் கல்விப் பணிமனை நடத்தும் செயலமர்வுகளுக்கு அரச ஆசிரியர்களின் பெயர்களே போகின்றன. பாடத்திட்டம் மாறினால் பக்கத்து மேசைக்காரரின் குறிப்பை வாங்கிப் பார்த்துத்தான் வகுப்புக்குப் போகிறேன்.

அரசின் காசு, தனியார் நிர்வாகம் என்ற ஏற்பாடு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1991 இல் இப்படியான பாடசாலைகளுக்குச் சட்டம் போட்டது, அடுத்த ஆண்டே சென் போல் நகரில் முதலாவது பாடசாலை திறந்தது. அங்கும் ஆசிரியரின் வேலைப் பாதுகாப்பு வாதத்துக்குரிய ஒன்றுதான். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 1973 ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஓர் ஆசிரியரை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்க முடியாது என்று வைத்தது. இங்கே என்னை அனுப்ப அடுத்த தையில் ஒரு கடிதம் அடிக்காமல் விட்டாலே போதும்.

இந்தப் பாடசாலையில் எனக்குப் பற்று இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து, வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நான் சிறுபிள்ளை. சாவகச்சேரிப் பக்கம் இன்னொரு பாடசாலையின் பின்னேர நேரத்தை இரவல் வாங்கி, கரும்பலகையும் இல்லாமல் எங்களைப் படிப்பித்தவர்கள் இந்தப் பாடசாலையின் ஆசிரியர்கள். அப்போது மண்டபம் இல்லை, வளைவு இல்லை. அவர்கள் இருந்தார்கள், அதனால் பாடசாலை இருந்தது. நான் இந்த வேலைக்கு வந்ததே அவர்களைப் பார்த்துத்தான்.

ஆளுநர் சபைக்கு என் கோரிக்கை: ஐந்து வருடம் தாண்டிய எல்லோருக்கும் நிரந்தர நியமனக் கடிதம் தாருங்கள். விடுபட்டவர்களின் சேமலாப நிதியை அவர்கள் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டுக் கட்டுங்கள். நிர்வாக ஆசிரியர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதை வருடாந்த அறிக்கையில் கட்டடச் செலவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். வெற்றிடங்களை நிரப்பச் சொல்லிக் கல்வி அமைச்சுக்கு நீங்கள் எழுதும்போது எங்களையும் கையெழுத்திடக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அண்ணாமார், அக்காமார்களே, அடுத்த ஒன்றுகூடலில் சேரும் காசை ஆசிரியர் சம்பள நிதி என்று எழுதிக் கொடுங்கள். அதற்கு மட்டும் செலவழித்த கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

இந்த மடலை அடுத்த சபைக் கூட்டத்தில் முழுவதுமாக வாசியுங்கள். ‘பார்ப்போம்’ என்ற பதிலை நாங்கள் பல தடவை கேட்டுவிட்டோம். இம்முறை பதில் எழுத்தில், திகதியோடு, மூன்றாம் தவணை முடிய முன் வர வேண்டும்.

இங்ஙனம்,
நிர்வாக நியமனத்தில் உள்ள ஒரு கணித ஆசிரியை,
யாழ்ப்பாணம்.